ரிசர்வ் ஃபாரஸ்ட்: காப்புக்காடா, ஒதுக்குக்காடா?

மலையடிவார ஊர்களில் ‘ஆர்.எஃப்.’ என்றாலே போதும், எல்லாருக்கும் விளங்கும். அரசு ஆவணங்களில் அதற்குப் பெயர் ‘காப்புக்காடு’. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் (இன்றைய தமிழ்நாடு வனச் சட்டம்) 16-ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவிக்கப்பட்ட காடு என்பது பொருள்.

இலத்தீனில் ‘ரே’ என்றால் பின். ‘செர்வாரே’ என்றால் வைத்திருத்தல். பிறருக்குக் கொடாமல் தனக்கென எடுத்து வைப்பதே ‘ரிசர்வ்’. கப்பலுக்குத் தேக்கும் ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டையும் தேவைப்பட்ட ஆங்கில ஆட்சி, 1865-இல் முதல் வனச் சட்டத்தைப் போட்டது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை ரிசர்வ், புரொடெக்டட், கிராமக் காடு என மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. புரொடெக்டட் காட்டில் தடுக்கப்பட்டவை தவிர மற்றவற்றைச் செய்யலாம். ரிசர்வ் காட்டிலோ அனுமதித்தவை தவிர எதையும் செய்யக்கூடாது. மாடு மேய்த்தல், கிழங்கு தோண்டுதல், தேன் எடுத்தல், காட்டை வெட்டிப் புனம் திருத்துதல் எல்லாம் அங்கே குற்றமாயின.

காடு ஒரே நாளில் கைமாறவில்லை. உரிமைகளை அழிக்கும் வேலை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறையிலேயே இருந்தது. 4-ஆம் பிரிவின்படி எல்லை குறித்து முதல் அறிவிப்பு வரும். அடுத்து 6-ஆம் பிரிவின்படி, உரிமைகளை விசாரித்து முடிவு செய்யும் வன நிர்ணய அலுவலர் தாலுகா தலைமையிடத்திலும் அண்டை ஊர்களிலும் பிரகடனம் வெளியிடுவார். உரிமை கோர மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசம். அதற்குள் கோராத உரிமை, 16-ஆம் பிரிவு அறிவிப்பு வந்ததும் 17-ஆம் பிரிவின்படி அற்றுப்போகும். காலத்தில் கோராததற்குத் தகுந்த காரணம் காட்டினால் விலக்கு உண்டு. ஆனால் அதையும் இறுதி அறிவிப்புக்கு முன்பே காட்ட வேண்டும்.

எழுத்தறியாத மலைக்குடிகளுக்கு அந்தப் பிரகடனத்தால் என்ன பயன்? அவர்களிடம் பட்டா கிடையாது. உரிமை என்பது குடியின் நினைவிலும் வழக்கத்திலும் இருந்தது. புனவேளாண்மையில் ஓரிடத்தில் சில ஆண்டு விதைத்துவிட்டுப் பல ஆண்டு காடாக விட்டுவிடுவார்கள். அளக்க வந்தவர் கண்ணுக்கு அந்தத் தரிசு ஆளில்லாக் காடு. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே பேசியது: இவ்வகை வேளாண்மை உரிமையே அல்ல, அரசு எப்போதும் நிறுத்தக்கூடிய சலுகை.

இப்படி உரிமை பறித்ததன் வெடிப்பை, 1927-க்கு முன்பே சென்னை மாகாணம் கண்டது. கோதாவரிப் பக்கத்து கூடெம், ரம்பா மலைகளில் ‘போடு’ என்ற புனச் சாகுபடிக்கு வந்த தடையும், சாலை போடக் கூலியின்றி வாங்கிய வேலையும் சேர்ந்து 1922–24-இல் அல்லூரி சீதாராம ராஜு தலைமையிலான எழுச்சியாயின.

இனி, எது சரியான தமிழ்? ‘காப்பு’ என்றால் பாதுகாத்தல். அது ‘புரொடெக்டட்’ என்பதற்கே பொருந்தும். இரண்டையும் காப்பு என்றால் சட்டத்தின் முக்கியமான வேறுபாடு மறைகிறது. பறித்தது காத்ததாகத் தெரிகிறது. ஆகவே கட்டுரை, பாடநூல், மொழிபெயர்ப்புகளில் ‘ஒதுக்குக்காடு’ என்பதே நேர்மையான சொல். அரசு மனுவில் மட்டும் ‘காப்புக்காடு’ என்றே எழுதுங்கள். பதிவேட்டில் உள்ள பெயரோடு மனு ஒத்துப்போக வேண்டும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோருவோருக்கு, காட்டைப் பற்றிய பழைய அரசுத் தாள்களே உதவலாம். நிர்ணய அறிக்கை, வனப் பணித்திட்டம், நிலப்படம் ஆகியவற்றை அச்சட்டத்துக்கான விதிகளில் 13-ஆம் விதி சான்றாக ஏற்கிறது. மனுதாரர் அல்லாத மூத்தோரின் வாக்குமூலமும் செல்லும், எழுத்தில் இருந்தால். பழைய வரப்பு, குடிசை போன்ற தடயங்களும் கணக்கில் வரும். ஒரே சான்றோடு நிறுத்த வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கிராம சபை பார்க்க வேண்டும் என்கிறது விதி. சாகுபடி நிலம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே கோருபவரின் கைவசம் இருந்திருக்க வேண்டும். உச்சவரம்பு 4 ஹெக்டேர்.