ஜூல் தீஃப் – ஒட்டக்கறவைச் சுற்று

ரிமோட்டிலிருந்து ‘செத்துப்போச்சு’ என்று கழற்றிய ஏஏ செல்லை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். செல் முழுக்கச் சாகவில்லை. ரிமோட் கேட்கிற மின்னழுத்தத்தைத் தர முடியவில்லை, அவ்வளவுதான். அந்த மிச்சத்தை எடுத்து, 3 வோல்ட் கேட்கும் எல்இடியை எரியவைக்கிற சின்ன மின்சுற்றுக்குத்தான் ஜூல் தீஃப் என்று பெயர்.

ஜூல் என்பது ஆற்றலின் அலகு. சால்ஃபோர்டில் பியர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூலின் (1818–1889) பெயர் அது. ஒரு புதிய அல்கலைன் ஏஏ செல்லில் சுமார் 10,000 ஜூல் இருக்கும். தீஃப் என்றால் திருடன். ஆங்கிலத்தில் நகையைக் குறிக்கும் ‘ஜுவல்’ என்ற சொல்லும் ‘ஜூல்’ போலவே ஒலிப்பதால், காதுக்கு நகைத் திருடன், கண்ணுக்கு ஆற்றல் திருடன். இந்தச் சிலேடைப் பெயரை வைத்தவர் மின்னணுவியல் ஆர்வலர் கிளைவ் மிட்செல். ஒரு வோல்ட்டில் எல்இடியை எரிக்கும் மூலச்சுற்றை இசட். கபார்னிக் என்பவர் 1999 நவம்பரில் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் கொடுத்திருந்தார். அடிப்படைத் தத்துவம் 1930களிலேயே தெரிந்ததுதான். ஆனாலும் சுற்று ஊரெல்லாம் பரவியது இந்தப் பெயரால்தான் என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘மின்திருடன்’ என்றால் கம்பியில் கொக்கி போடுகிறவர்தான் நினைவுக்கு வருவார். மின்திருட்டு என்ற சொல் ஏற்கெனவே அந்தக் குற்றத்துக்குப் போய்விட்டது. ‘ஜூல் கள்வன்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நகை என்ற பாதி உதிர்ந்துவிடுவதால் சிலேடை நிற்காது. அதைவிடப் பெரிய குறை, இங்கே திருட்டே நடக்கவில்லை. எங்கிருந்தோ இலவசமாக ஆற்றல் வருகிறது என்று நம்பிக் கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மயக்கத்துக்குப் பெயரும் ஒரு காரணம். செல்லுக்குள் கிடந்ததுதான் வெளியே வருகிறது, அதிலும் ஒரு பகுதி வழியில் சூடாகிப் போய்விடுகிறது.

நான் பயன்படுத்துவது ‘ஒட்டக்கறவைச் சுற்று’. மடியில் ஒரு சொட்டு விடாமல் எடுப்பதை ஒட்டக் கறப்பது என்கிறோம் அல்லவா, அதேதான். காலைக் கறவை, மாலைக் கறவை என்னும்போது வருகிற கறவை இது.

இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. பால் மடியிலிருந்து ஒழுகி வராது, பீச்சிப் பீச்சித்தான் வரும். சுற்றுக்குள்ளும் அப்படியே. ஒரு ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையத்தில் இரண்டு கம்பிகளைச் சேர்த்து இருபது சுற்றுப்போல் சுற்றி, ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு இணைக்கிறோம். கூட, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டர், 1,000 ஓம் மின்தடை. சுருளில் மின்னோட்டம் ஏற ஏற, பக்கத்துச் சுருள் டிரான்சிஸ்டரை இன்னும் திறக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ஏற முடியாமல் டிரான்சிஸ்டர் சட்டென்று மூடிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்கு வேறு வழியில்லை. சுருளின் அழுத்தம் 3 வோல்ட்டைத் தாண்டி எகிறி எல்இடி வழியாகப் பாய்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடப்பதால் கண்ணுக்கு விட்டுவிட்டு எரிவது தெரியாது. செல் 0.6 வோல்ட்டுக்கு இறங்கும்வரைகூட வெளிச்சம் இருக்கும்.

வெள்ளை எல்இடிக்கு இந்தப் பீச்சலே போதும். தானாக நிறம் மாறும் எல்இடிக்குப் போதாது. முதல் தடவை நான் அதைப் பொருத்தியபோது சிவப்பிலேயே நின்றுவிட்டது. எல்இடி பழுது என்று வேறொன்றை மாற்றினேன், அதுவும் சிவப்புதான். அப்புறம்தான் புரிந்தது. அதன் குமிழுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றோடு ஒரு துளிச் சிப்பும் இருக்கிறது; எப்போது எந்த நிறம் என்று கணக்கு வைப்பது அதுதான். ஒவ்வொரு பீச்சலுக்கும் நடுவே மின்சாரம் நின்றுபோவதால், அது ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. சிவப்பைத் தாண்ட நேரமே இல்லை. போதாததற்கு, சிவப்பு சுமார் 2 வோல்ட்டில் எரிந்துவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும்.

கறவை என்று நினைத்தால் தீர்வு தானாகத் தெரியும்: பீச்சுவதை ஏந்த ஒரு செம்பு வேண்டும். 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரை உள்ள ஒரு மின்தேக்கிதான் அந்தச் செம்பு; தேக்கி என்ற பெயரே அதைச் சொல்கிறது. தேக்கியது திரும்பிப் போகாமலிருக்க அதற்கு முன்னால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு. 1என்5817 போன்ற ஷாட்கி வகை நல்லது, சாதாரண சிலிக்கான் டையோடைவிடக் குறைவாகவே அழுத்தத்தை விழுங்கும். இரண்டையும் சேர்த்தபோது என் எல்இடி சிவப்பிலிருந்து மெல்லப் பச்சைக்கு நகர்ந்தது. கையை எடுக்காமல் நீலம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்இடியைக் கழற்றுவதற்கு முன் செல்லை எடுத்துவிடுங்கள். குடிக்க ஆளில்லாத செம்பில் அழுத்தம் பல வோல்ட் ஏறி நிற்கும்; அதில் புது எல்இடியைச் செருகினால் அந்த நொடியிலேயே சிப் கருகிவிடலாம்.