கடன் காகிதத்தில் ஒளிந்திருந்த 3,000 டாலர்

அமெரிக்காவில் ஒரு கிரெடிட் யூனியனின் (உறுப்பினர்களே உரிமையாளர்களான, கூட்டுறவு வங்கி போன்ற அமைப்பு) கார் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். புது டொயோட்டா வாங்கி ஒரு வருடமான உறுப்பினர் ஒருவர், டீலர் மூலம் எடுத்த கடனை எங்களிடம் மாற்ற வந்தார். காகிதங்களைப் புரட்டினால், கார் விலைக்குக் கீழே 3,000 டாலருக்கு ஒரு சர்வீஸ் கான்ட்ராக்ட். "வாரண்டி காரோடு வருவதுதானே?" என்றார். தான் அதை வாங்கியதே அவருக்குத் தெரியாது. 72 மாதக் கடன், 8 சதவீத வட்டி. அந்த 3,000-க்கு மட்டும் மாதம் 52 டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை கட்டியிருந்தால் வட்டியே 780 டாலரைத் தாண்டியிருக்கும்.

அவர் சொன்னதுதான் சரி. காரோடு வருவதுதான் வாரண்டி. பின்னால் வரும் பழுதுச் செலவுக்காகத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது சர்வீஸ் கான்ட்ராக்ட். எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது விற்பவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர். கடன் கிடைக்க இதை வாங்கியே ஆகவேண்டும் என்று டீலர் சொன்னால், கையெழுத்துக்கு முன் கடன் கொடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

நாங்களும் இதை விற்கிறோம், அதில் எங்களுக்கும் வருமானம் உண்டு. பெரும்பாலும் டீலர் சொல்லும் விலையைவிடக் குறைவாக இருக்கும். அதனால் கார் பார்க்கப் போகும் முன்பே எங்களிடம் விலை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டீலரிடம் பேரம் பேசவாவது உதவும். ஆனால் காகிதத்தின் மேலே எங்கள் பெயர் இருப்பதால் பழுதுக்கு நாங்கள் பணம் தருவோம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதை நடத்துவது வேறொரு நிறுவனம், அதற்குப் பின்னால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த இரண்டு பெயர்களையும் கேளுங்கள்.

கான்ட்ராக்டில் இரண்டு வகை. எதெல்லாம் சேரும் என்று பட்டியல் போடுவது ஒன்று; எதெல்லாம் சேராது என்று மட்டும் சொல்வது மற்றொன்று. இரண்டாவதுதான் விரிவானது, விலையும் கூடுதல். எதுவானாலும் ஆயில் மாற்றிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக் வேலையைத் தொடங்கும் முன் அந்த நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பழுது என்னவென்று பார்க்க எஞ்சினைப் பிரித்தபின் 'இது எங்கள் கணக்கில் வராது' என்றார்களானால், பிரித்த கூலி உங்கள் தலையில்தான்.

பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹூண்டாயின் 10 வருடம், 1,00,000 மைல் பவர்டிரெய்ன் (எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பாகங்களுக்கான) வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டுமே. அடுத்தவர் கைக்குப் போனால், கார் முதலில் விற்ற நாளிலிருந்து 5 வருடம், 60,000 மைல்தான். 'பத்து வருடம் இருக்கிறதே' என்று நம்பி வருபவர்கள் அதிகம். கான்ட்ராக்டுக்கு உண்மையில் வேலை இருப்பது இந்த மாதிரிக் கார்களுக்குத்தான்.

சரி, அந்த உறுப்பினருக்கு வருவோம். கான்ட்ராக்டை ரத்து செய்தோம். பயன்படுத்தாத காலத்துக்கான பணம், ரத்துக் கட்டணம் போக, கடனில்தான் கழிந்தது. கைக்குக் காசோலை வரும் என்று எதிர்பார்த்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்புறம் எங்கள் கான்ட்ராக்டின் விலையைக் கேட்டார். டொயோட்டாவின் 3 வருட, 36,000 மைல் வாரண்டியில் அவருக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து வரச் சொன்னேன். அதற்குள் மைல் ஏறியிருக்கும், விலையும் சற்று ஏறும். அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.