பற்றாசு இருக்கப் பற்றவைப்பு எதற்கு?

கைபேசி ஆலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கான தமிழ்ப் பயிற்சிக் கையேடு ஒன்றைப் புரட்டினேன். சாலிடரிங், அதாவது உலோகக் கலவையை உருக்கி உறுப்புகளை இணைப்பது, வரும் இடமெல்லாம் ‘பற்றவைப்பு’. பின்னால் பாதுகாப்பு விதிகளில் வெல்டிங்குக்கும் அதே ‘பற்றவைப்பு’. இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சாலிடர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். கெட்டியாக்குதல் என்று பொருள். தமிழில் அதற்கு நேரான சொல் பற்றாசு: பற்று + ஆசு. இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்க்க நடுவில் இடுவது ஆசு. ஆசிடை வெண்பாவில் குறட்பாவையும் தனிச்சொல்லையும் இணைக்கச் சேர்க்கும் ஓரிரு அசைக்கும் அதே பெயர்தான். பட்டறையிலிருந்து யாப்பிலக்கணத்துக்கே போன சொல் இது. ‘பொடி வைத்து ஊதுவது’ என்கிறோமே, அந்தப் பொடியும் தட்டார் வைக்கும் பற்றாசுப் பொடிதான்.

பற்றவைப்பில் என்ன தவறு? வெல்டிங்கில் சேரவேண்டிய உலோகமே உருகிக் கலக்கிறது. பற்றாசு வைக்கும்போது அந்த உலோகம் உருகவே கூடாது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். இன்று மின்னணு ஆலைகளில் பரவலாக உள்ள வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை 217 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். உருகிய வெள்ளீயம் செம்பின் மேல் நனைந்து பரவி, இரண்டும் தொடும் இடத்தில் மெல்லிய சேர்மப் படலம் உண்டாகிறது. பிடிப்பு அதில்தான். ‘பற்றவைப்பு’ என்று படித்துவிட்டு, செம்பும் உருகட்டும் என்று சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்தால், செம்புத் திட்டு மின்சுற்றுப் பலகையை விட்டு உரிந்து மேலே வந்துவிடும். அந்தப் பலகை குப்பைக்கு.

‘மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்பார்கள். இல்லை. ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையில் ‘சால்டர் வை’ என்பார்கள். கிரில் பட்டறையில் ‘வெல்டிங் வை’ என்பார்கள். அவர்கள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். குழப்புவது மொழிபெயர்ப்பாளர்தான். பற்றாசு என்ற சொல் பிடிக்காவிட்டால் சால்டர் என்றே எழுதட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

இன்னொரு கட்சி ‘ஈயம் வைத்தல்’ என்கிறது. பேச்சில் ஈயம் என்பது வெள்ளீயத்தையும் குறிக்கும், உண்மைதான். ஆனால் 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடுத்துவிட்டது. இனி ‘ஈயமில்லாத ஈயம் வைத்தல்’ என்றா எழுதுவது? ‘காரீயமில்லாப் பற்றாசு’ என்றால் சிக்கலே இல்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது ‘சாலிடர் பசை’. பலகையில் அச்சிடும் அந்தச் சாம்பல் நிறக் குழைவு, பொடித்த பற்றாசும் இளக்கியும் (ஃபிளக்ஸ்) கலந்தது. ஒட்டும் பசை வேறு. பலகையின் அடிப்பக்க உறுப்புகள் உருகிய பற்றாசு அலையாக எழும்பும் தொட்டியில் விழாமலிருக்க அந்தப் பசையை வைப்பார்கள். இரண்டையும் பசை என்றால் உற்பத்தி வரிசையில் நிற்பவர் எதை எடுப்பார்? முன்னதைப் பற்றாசுக் களிம்பு என்று எழுதலாம். அதை உலையில் உருக்குவதை (ஆங்கிலத்தில் ரீஃப்ளோ) ‘மறுபாய்வு’ என்று மொழிபெயர்க்கிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் விடுவது மாதிரி. மீளுருக்கல் என்றால் நடப்பது விளங்கும்.

தட்டார் பற்றாசு மிக அதிகச் சூட்டில் உருகுவது, அது இன்றைய கணக்கில் பிரேசிங் என்பது நியாயமான மறுப்பு. எல்லைக்கோடு 450 டிகிரி. அதற்கு மேல் வன்பற்றாசு, கீழே மென்பற்றாசு. மின்னணுவியல் நூலில் பற்றாசு என்று மட்டும் எழுதினால் மென்பற்றாசு என்றே கொள்ளலாம்.