ரிக்கோ: பணமும் சுவையும்

ஸ்பானிய சமையல் நிகழ்ச்சி ஒன்றில், அடுப்பிலிருந்து இறக்கிய பருப்புக் குழம்பை ஒரு பாட்டி நாவில் வைத்துப் பார்த்து, ‘கே ரிக்கோ’ (எவ்வளவு சுவை) என்று கண்ணை மூடிக்கொள்கிறார். திரையின் அடியில் ‘எவ்வளவு பணக்காரமானது’ என்று தமிழ் வரி ஓடுகிறது. இதே பிழையை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துவிட்டதால், இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

ரிக்கோ ஒரு பெயரடை, பெண்பாலில் ரிக்கா. ஆள்பவன், வலிமையுடையவன் என்னும் பொருள் கொண்ட கோத்தியம் என்னும் பழைய ஜெர்மானிய மொழியின் சொல்லிலிருந்து வந்தது. அதிகாரம் உள்ளவனிடம் செல்வமும் சேர்வதால் செல்வன் என்ற பொருள் ஏற்பட்டு, நிலத்துக்கு வளமாகவும் உணவுக்குச் சுவையாகவும் அது விரிந்தது.

எந்தப் பொருள் எங்கே வரும் என்பதை ஸ்பானிய மொழியே காட்டிக்கொடுக்கிறது. ஒருவர் ‘எஸ் ரிக்கோ’ என்றால் அவர் செல்வர். குழம்பு ‘எஸ்தா ரிக்கோ’ என்றால் அது சுவையாக இருக்கிறது. ‘எஸ்’ நிலையான இயல்பைச் சொல்லும் வினை, ‘எஸ்தா’ அப்போதைய நிலையைச் சொல்லும் வினை. (இந்த இரண்டாம் வினையோடு ஓர் ஆளைச் சொன்னால் உடற்கவர்ச்சியைக் குறிக்கும் கொச்சைப் பேச்சாகிவிடும், அங்கே ‘சுவையான’ என்று எழுதுவதும் தவறு.) ‘இரும்புச்சத்தில் ரிக்கோ’ என்றால் இரும்புச்சத்து மிகுந்தது, அவ்வளவுதான்.

‘பணக்கார’ என்பதை மறுக்கும் சிலர் ‘செழுஞ்சுவை’ என்ற புதுச்சொல்லை முன்வைக்கிறார்கள். செல்வமும் சுவையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாக இருந்தாலும் அதை நான் ஏற்கவில்லை. செழுஞ்சுவை என்றதும் நெய் ஒழுகும் பண்டம்தான் நினைவுக்கு வருகிறது; இது ‘ரிச்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நிழலேயன்றி ஸ்பானியச் சொல்லின் பொருள் அன்று. வெறும் ரொட்டியையும் நறுக்கிய ஆரஞ்சையும் ஸ்பானியர் ரிக்கோ என்பார்கள். கோடையில் குளத்தில் இறங்கியவர் தண்ணீரை ‘ரிக்கா’ என்கிறார். நம்மவர் அங்கே ‘சுகமா இருக்கு’ என்றுதான் சொல்வார். மேலும் ரிக்கோ, சிறு குழந்தையும் சாப்பிடும்போது சொல்லும் எளிய சொல். அதற்கு ஈடாக எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் உச்சரிக்காத தொகைச்சொல்லை வைப்பது, தூய்மையின் பெயரால் பேச்சின் உயிரை எடுப்பதாகும். எழுத்தில் ‘சுவையாக இருக்கிறது’, உரையாடலில் ‘ருசியா இருக்கு’ போதும். ருசி வடசொல் என்று அதை விலக்க வேண்டியதில்லை.

ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியே தமிழாக்கும் வழக்கமே இந்தக் கேடுகளுக்கு வேர். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவின் பெயர்ப்பொருளைப் ‘பணக்காரக் கடற்கரை’ என்று எழுதுவதும் இதனால்தான். 1502இல் கொலம்பஸ் அந்தக் கரையை அடைந்தபோது அங்கிருந்த மக்கள் பொன்னணி பூண்டிருந்ததே பெயருக்குக் காரணம் என்பார்கள். ‘செல்வக் கரை’ என்பதே பொருத்தம். பணக்காரன் என்பது காசு வைத்திருக்கும் ஆளைக் குறிக்கும் சொல், அதை மண்ணுக்கும் கடலுக்கும் ஒட்டவைக்க முடியாது. திடீரென்று பணம் சேர்ந்தவரைக் குறிக்கும் ‘நுவேவோ ரிக்கோ’வுக்குப் ‘புதுப்பணக்காரர்’ என்பது மிகச் சரி. அங்கே அச்சொல்லை நானும் வரவேற்கிறேன்.

மழலையை அள்ளிக் கொஞ்சும்போதும் ஸ்பானியத் தாய் ரிக்கோ என்கிறாள். அதைச் ‘செல்லம்’ எனலாம். எனக்கு ‘என் ராஜா’ என்பது இன்னும் பிடித்திருக்கிறது, ஏனெனில் அந்தக் கோத்தியச் சொல்லும் வடமொழி ராஜாவும் ஒரே தொல்வேரில் கிளைத்தவை.