கரையானுக்கு வேப்பங்கொட்டை: எங்கே கேட்கும், எங்கே கேட்காது

தென்னந்தோப்புகளுக்கு ஆலோசனைக்குப் போனால் "கரையானுக்கு இயற்கையா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் கரையானுக்கென்று மண்ணில் ஊற்றிய ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாம் 2001-ல், எளிதில் சிதையாத நஞ்சுகளை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன, அவற்றுக்குப் பிறகு வந்த குளோர்பைரிபாஸும் 2025-ல் சில விலக்குகளோடு அதே பட்டியலுக்குப் போய்விட்டது. கிணற்றுக்குப் பக்கத்தில் அதை ஊற்ற யாருக்கு மனசு வரும்?

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வேம்பில் இருக்கிற அசாடிராக்டின் கரையானைத் தின்னவிடாமல் தடுக்கும், தோலுரித்து வளர்வதையும் கெடுக்கும். பட்டதும் சாகடிக்கிற நஞ்சு அது இல்லை. வெயிலில் சில நாளிலேயே சிதைந்தும் போகும். அதனால் மண்ணுக்கடியில் இருக்கிற ராணியிடம் அது போய்ச் சேராது, வேலைக்காரக் கரையான்கள் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விடும். ஒரு பொருளைக் காப்பாற்ற இது நல்ல மருந்து. புற்றையே அழிக்க இதை நம்ப வேண்டாம்.

பின்னிய கீற்றைக் கரையான் அரிக்காமல் காக்க 5 சதவீத வேப்பெண்ணெயோ 20 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலோ தாராளமாகப் போதும். 20 சதவீதம் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு, ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 20 கிலோ. நிழலில் உலர்த்திய, அந்தப் பருவத்துக் கொட்டையாக இருக்கட்டும், பூஞ்சணம் பிடித்துக் கறுத்த பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து அன்றைக்கே, சாயங்காலத்தில் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் ஒட்டாது. மழைக்குப் பிறகு திரும்பவும் தெளிக்க வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பல்பட்டால் பலன் கிடைக்காது.

தென்னை மரத்தின் அடித்தண்டில் கரையான் கட்டிய மண்பூச்சு ஏறியிருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயை 80 சதவீதமாகத் தடவலாம், மரப்படகுகளுக்குப் பூசுவார்களே அதே எண்ணெய்தான். கையுறை கட்டாயம், வெறுங்கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். எருக்கம்பாலும் அப்படித்தான், கண்ணில் தெறித்தால் கருவிழியே பாதிக்கப்படும். செடியிலிருந்து வந்ததென்றால் தீங்கில்லை என்ற நினைப்பை விடுங்கள். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் கலந்த மிச்சத்தைக் குளத்தில் கொட்டினால் மீனுக்கு ஆகாது.

நாற்றங்காலில் இன்னொன்றும் பார்க்கிறேன். மக்காத தொழுவுரத்தையும் காய்ந்த மட்டையையும் கன்றைச் சுற்றிப் போட்டுவிட்டு, கரையான் வந்தபின் கரைசல் தெளிக்கிறார்கள். நன்றாக மக்கிய எருவை மட்டும் போட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டாலே பாதித் தொல்லை வராது. அப்புறம் பக்கத்தில் இருக்கிற புற்றைத் தேடி, ராணி இருக்கும் அறைவரை தோண்டி எடுத்துவிடுங்கள்.

வீட்டுக் கதவு நிலையிலும் சுவரிலும் ஏறிவிட்டதா? அங்கே வேப்பெண்ணெய் தடவித் தடவி மாதங்களைக் கடத்தாதீர்கள், நிலை உள்ளுக்குள் கூடாகிவிடும். அனுபவமுள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு, எந்த மருந்து, எவ்வளவு, கிணற்றிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.