பேட் மாற்றிய பிறகு பிரேக் பெடல் ஏன் இறங்குகிறது?

புது பிரேக் பேட் போட்டாயிற்று. சக்கரங்களை மாட்டி, நட்டுகளை இறுக்கி, ஜாக்கையும் இறக்கியாயிற்று. வண்டியில் ஏறி பிரேக்கில் கால் வைத்தால், பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரை போகிறது. முதல் முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. சில முறை மிதித்தால் பெடல் மேலே வந்து கெட்டியாகிவிடும். சில வண்டிகளில் மட்டும் அப்படி வராது. வந்தாலும், சிக்னலில் காலை வைத்துக்கொண்டு நிற்கும்போது மெதுவாக நழுவிக் கீழே போகும். இரண்டையும் "பெடல் இறங்குது" என்றே சொல்கிறோம். ஆனால் இவற்றுக்கான காரணங்கள் வெவ்வேறு.

பெடலை மிதிக்கும்போது நாம் தள்ளுவது ஒரு குறிப்பிட்ட அளவு திரவத்தை. பெடல் ஒரு நெம்புகோல். அது பூஸ்டர் (காலின் விசையை வெற்றிடத்தால் பெருக்கும் கருவி) வழியாக மாஸ்டர் சிலிண்டரின் (பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்ப்) பிஸ்டனைத் தள்ள, அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய்களில் ஓடி நாலு சக்கரங்களுக்கும் போகிறது. இந்தத் திரவம் கிட்டத்தட்ட அமுங்குவதே இல்லை. 100 பார் அழுத்தத்தில்கூட அதன் பருமன் ஏறக்குறைய அரை சதவீதம்தான் குறையும். ஆகவே பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது என்றால், தள்ளிய திரவத்துக்கு எங்கோ கூடுதலாக இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். முன்னால் டிஸ்க் (பேடுகள் இருபுறமும் கவ்வும் தட்டு), பின்னால் டிரம் (உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தும் உருளை) உள்ள ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20.6 மி.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 3.3 சதுர செ.மீ. பிஸ்டன் அதிகபட்சம் 30 மி.மீ. நகரும் என்று வைத்தால், ஒரு முழு மிதிக்கு வெளியே போகும் திரவம் 10 மில்லிலிட்டர். அவ்வளவுதான், இரண்டு டீஸ்பூன். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால் இதற்கு கால் 120 மி.மீ. கீழே போக வேண்டும்.

இனி சக்கரப் பக்கம். முன் காலிப்பரின் (பேடுகளை டிஸ்கில் அழுத்தும் கவ்வியின்) பிஸ்டன் 54 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு 23 சதுர செ.மீ. அது 1 மி.மீ. வெளியே வர 2.3 மில்லிலிட்டர் வேண்டும். புது பேட் தடிமனாக இருப்பதால், அதை நுழைக்க பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளியிருப்போம். பேடுகளுக்கும் டிஸ்குக்கும் நடுவே மொத்தம் 4 மி.மீ. இடைவெளி மிச்சம் இருந்தால், அதை அடைக்க ஒரு சக்கரத்துக்கு 9 மில்லிலிட்டருக்கு மேல், இரண்டு சக்கரத்துக்கு 18 மில்லிலிட்டர் தேவை. நம் கையில் ஒரு மிதிக்கு இருப்பதோ 10. முதல் மிதி தரைக்குப் போகாமல் என்ன செய்யும்?

காலை எடுத்ததும் மாஸ்டர் சிலிண்டர் மேலே உள்ள டப்பாவிலிருந்து புதிதாக ஆயிலை இழுத்துக்கொள்ளும். காலிப்பர் பிஸ்டன் வந்த இடத்திலேயே நிற்கும். அடுத்த மிதி அதை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளும். இடைவெளி அடைபட்டதும் பெடல் கெட்டியாகிவிடும். வண்டியை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நகர்த்தியபின் முதல் மிதி மிதித்து, எதிர்ச்சுவரில் போய் முட்டிய கார்கள் உண்டு.

பிஸ்டன் ஏன் வந்த இடத்திலேயே நிற்கிறது என்பதுதான் டிஸ்க் பிரேக்கின் அழகான சூட்சுமம். பின்னே இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம், காலிப்பரின் உட்சுவரில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் வந்ததும் பிஸ்டன் முன்னே நகர்கிறது. அதைக் கவ்விப் பிடித்திருக்கும் ரப்பரும் கூடவே சாய்ந்து வளைகிறது. அழுத்தம் போனதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் அளவுக்குப் பின்னே இழுத்துவிடுகிறது. பேட் டிஸ்கில் உரசாமல் இருக்க அந்த இடைவெளி போதும். பேட் தேய்ந்து, பிஸ்டன் கூடுதல் தூரம் வர வேண்டியிருந்தால், அது ரப்பருக்குள்ளேயே வழுக்கிப் புது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு ரப்பர் வளையம் ஆயில் கசியாமலும் தடுக்கிறது, பிஸ்டனைப் பின்னுக்கும் இழுக்கிறது, தேய்மானத்தையும் சரிக்கட்டுகிறது. இந்த இடைவெளி 0.2 மி.மீ. என்று கொண்டால், இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. காலுக்கு அது சுமார் 11 மி.மீ. நல்ல பிரேக்கில் பெடல் கொஞ்சம் இறங்கி உடனே கெட்டியாவது இதனால்தான்.

பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் மெல்லக் குறைவதும் இதே காரணத்தால்தான். பிஸ்டன் வெளியே வந்த இடத்தை ஆயில் நிரப்பியிருக்கிறது. நடுவில் யாராவது "ஆயில் குறைஞ்சிருக்கே" என்று ஊற்றி நிரப்பியிருந்தால், பேட் மாற்றும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழியும். வழிந்த பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சரி, எத்தனை முறை மிதித்தாலும் பெடல் கெட்டியாகவில்லை என்றால்? அல்லது கெட்டியாகி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாதி வரை இறங்கினால்?

எத்தனை மிதிக்குப் பிறகு மேலே வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இரண்டு மிதியில் மேலே வந்து கெட்டியாகவும் நிற்கிறது, ஆனால் அடுத்த தடவை மறுபடி முதல் மிதி கீழே போகிறது என்றால், ஏதோ ஒரு சக்கரத்தில் இடைவெளி திரும்பத் திரும்பத் திறக்கிறது. பின் டிரம் உள்ள கார்களில் முதல் சந்தேகம் பின்பக்கம். ஷூ லைனிங் தேய்ந்து, தேய்மானத்தைச் சரிக்கட்டும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிட்டால், காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் ஷூக்களை வெகுதூரம் பின்னே இழுத்துவிடும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் 19 மி.மீ. என்றால், இரண்டு பின் சக்கரங்களிலும் உள்ள நாலு பிஸ்டன்களும் கூடுதலாக 1 மி.மீ. நகர்ந்தாலே காலுக்கு ஏறத்தாழ 14 மி.மீ. கணக்காகிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வண்டி நிற்கும்போது கைபிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதித்துப் பார்க்கலாம். கைபிரேக் ஷூக்களை டிரம் பக்கம் தள்ளி வைத்திருப்பதால், பெடல் இப்போது உயரமாக நின்றால் குற்றவாளி பின் பிரேக்தான். முன்னால் பேட் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேட் மாற்றிய கையோடு பெடலைக் கூர்ந்து கவனித்ததால் கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

வீல் பேரிங் ஆடினாலோ டிஸ்க் கோணலாகச் சுழன்றாலோ முன்பக்கத்திலும் இதே கதை. ஓடும்போது டிஸ்க் அசைந்து அசைந்து பேடைப் பின்னே தள்ளிவிடும். நின்ற இடத்தில் பெடல் நன்றாக இருக்கும், கொஞ்ச தூரம் ஓட்டியபின் இறங்கும்.

பெடல் ரப்பர் பந்தை மிதிப்பதுபோல் மெத்தென்று இருந்தால் அது காற்று. பணிமனையில் "ஏர் பிடிச்சிருக்கு" என்பார்கள். ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது: அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் அதே விகிதத்தில் குறையும். குழாய்க்குள் 1 மில்லிலிட்டர் காற்று இருந்தால், 50 பார் அழுத்தத்தில் அது ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காலி செய்த இடத்தை நிரப்ப ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் ஆயில் போகிறது. கணக்குப்படி கால் 12 மி.மீ. கூடுதலாக இறங்குகிறது. வேகமாக அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கொஞ்சம் உயரும், ஆனாலும் அந்த மெத்தென்ற உணர்வு போகாது.

வெறும் பேட் மாற்றும்போது ஆயில் குழாயை எங்கும் திறப்பதில்லை, பிறகு காற்று எப்படி உள்ளே போகும்? பிஸ்டனைத் தள்ளும்போது பழைய அழுக்கு ஆயில் மேலே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வரை திரும்பிப் போகக்கூடாது என்று கவனமான மெக்கானிக்குகள் காலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) திறந்து அதை வெளியே விடுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் நிப்பிளை மூடுவதற்குள் பிஸ்டன் சற்றே வெளியே வந்தாலும், டப்பா காலியாகிவிட்டாலும் காற்று நுழைந்துவிடும். காலிப்பரையே மாற்றியிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நிப்பிள் மேல்பக்கமாக இருக்கிறதா? இடது காலிப்பரை வலதுபக்கம் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேதான் தங்கும். எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் (நிப்பிள் வழியே காற்றை வெளியேற்றினாலும்) அது வெளியே வராது.

காற்று இல்லாமலேயே மெத்தென்று இருப்பதும் உண்டு. பழைய டிஸ்கின் விளிம்பில் வரப்பு நின்றிருந்தால் புது பேட் அதன்மேல் ஏறி உட்காரும். அழுத்தும்போது பேட் வளையும், அந்த வளைவுக்கும் ஆயில் வேண்டும். பேட் தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டாலும், காலிப்பர் நழுவி நகர உதவும் பின்கள் (pins) இறுகியிருந்தாலும் இதே உணர்வுதான். எதைக் கேட்டாலும் "ஏர் எடுத்தா சரியாயிடும்" என்கிற பதிலில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு முறை ஒழுங்காக எடுத்தும் மாறாவிட்டால், சக்கரத்தைக் கழற்றி பேட் எங்கே தொடுகிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இறுகிய பின்னுக்கு இன்னொரு முகமும் உண்டு. பேட் டிஸ்கைவிட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூடு காலிப்பருக்குள் உள்ள ஆயிலுக்கு ஏறும். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி பழசானபின் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் இறங்கும்போது உரசும் பேடும் பழைய ஆயிலும் சேர்ந்தால், ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் எதுவுமே நடக்காததுபோலத் திரும்பி வந்துவிடும். அடிவாரத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்.

பெடல் நல்ல உயரத்தில், கெட்டியாக நிற்கிறது, ஆனால் அழுத்திப் பிடித்தபடி இருந்தால் நழுவுகிறது என்றால் கேள்வியே வேறு. இங்கே இடைவெளியும் இல்லை, காற்றும் இல்லை. அழுத்தத்தோடு இருக்கும் ஆயில் எங்கோ தப்பிக்கிறது. டப்பாவில் மட்டம் குறைந்தால் கசிவு வெளியே. சக்கரங்களின் உட்பக்கம், ஹோஸ் மூட்டுகள், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்ன இடம் ஏமாற்றும், ஏனென்றால் கசிந்த ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் ஒரு சொட்டுகூட விழாது.

மட்டமும் குறையவில்லை, எங்கும் ஈரமும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் பின்வாங்குகிறது. பிஸ்டனில் உள்ள ரப்பர் கப்பின் உதடு சுவரோடு ஒட்டாமல், முன்னால் இருக்கும் ஆயிலைப் பின்னால் விடுகிறது. ஓங்கி மிதித்தால் அழுத்தமே உதட்டைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிடுவதால் பெடல் நிற்கலாம். மென்மையாகக் கால் வைத்திருந்தால் நழுவும். அதனால்தான் அவசர பிரேக்கில் தெரியாத கோளாறு சிக்னலில் தெரிகிறது. இதைச் சோதிக்க, இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீரும்வரை சில முறை மிதித்து, பிறகு மிதமான அழுத்தத்தில் அரை நிமிடம் காலை வைத்திருக்கலாம்.

"பேட்தானே மாத்தினீங்க, மாஸ்டர் சிலிண்டர் எப்படிங்க போச்சு?" என்று கார்க்காரர் கேட்பதும், "அது முன்னாடியே போயிருக்கும் சார்" என்று மெக்கானிக் சொல்வதும் பணிமனைகளில் நடக்கிற வழக்கமான சண்டை. இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய வண்டியில் மாஸ்டர் பிஸ்டன் வருடக்கணக்காக முதல் பாதியில்தான் நகர்ந்திருக்கும். அதைத் தாண்டிய சுவரில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். புது பேட் போட்டதும் பெடலைத் தரை வரை மிதித்தால், கப்பின் உதடு முதல் முறையாக அந்தச் சொரசொரப்பான பகுதியில் உரசிக் கிழிகிறது. ஆகவே பிஸ்டனை வெளியே கொண்டுவர மிதிக்கும்போது பாதி தூரம் மட்டும், நிறுத்தி நிறுத்தி மிதிப்பது நல்லது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் கால் மறந்தாலும் கட்டை மறக்காது.

பழுதே இல்லாத ஓர் இறக்கமும் உண்டு. இன்ஜின் ஓடாதபோது கல்லைப்போல இருக்கும் பெடல், காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கீழே போகும். பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைத்து அது உதவத் தொடங்கியதன் அடையாளம் அது. அப்படி இறங்காவிட்டால்தான் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார்களில் கைபிரேக் காலிப்பருக்குள்ளேயே இருந்தால், பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சி-கிளாம்ப் வைத்து அமுக்கினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் கெட்டுவிடும், பெடல் ஒருபோதும் உயரத்துக்கு வராது.

எந்தச் சக்கரம் என்று பிடிபடாவிட்டால், ரப்பர் ஹோஸ்களை அதற்கென்றே உள்ள உருண்டை முனைக் கிளாம்பால் இறுக்கி அடைக்கிறார்கள். சாதாரண பிளையர் ஹோஸின் உள்சுவரை நசுக்கிவிடும். எல்லாவற்றையும் அடைத்தபின் பெடல் கெட்டியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறக்கும்போது எந்தச் சக்கரத்தில் பெடல் தொப்பென்று இறங்குகிறதோ அங்கே வேலை. அடைத்தபிறகும் மெத்தென்றே இருந்து, மாஸ்டரிலும் குறை இல்லை என்றால், காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போயிருக்கலாம். அதன் வால்வுகளில் சில சாதாரணமாக மூடியே இருப்பதால், சக்கரத்தில் ஏர் எடுத்தால் அந்தக் காற்று வராது. பல வண்டிகளில் ஸ்கேன் டூலை (வண்டியின் கணினியோடு இணையும் கருவி) மாட்டி, உள்ளே இருக்கும் மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும். வீட்டு வாசலில் ஜாக் போட்டு முடிக்கிற வேலை இல்லை அது.