சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) யார் யாரோடு எந்த வாரம் மோதுவார்கள் என்பது மாதக்கணக்கில், சில ஆட்டங்களுக்கு ஆண்டுக்கணக்கில் முன்பே முடிவாகிவிடும். ஆனால் ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது பெரும்பாலும் 12 நாளுக்கு முன்புதான் தெரியவரும். சில வாரங்களில் 6 நாள் அவகாசம்தான். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரலாம். அத்தனை பேரின் ஹோட்டல் அறை, போக்குவரத்துக் காவல், உணவுக் கடைக்கு ஆள் போடுவது என எல்லாம் அந்த அறிவிப்புக்காகக் காத்துக்கிடக்கும். நேரத்தைக் குறிப்பது பல்கலைக்கழகம் இல்லை. கல்லூரி விளையாட்டின் தலைமை அமைப்பான என்சிஏஏவும் இல்லை. அணி எந்தக் கூட்டணியில், அதாவது எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறதோ, அது டிவி நிறுவனங்களுடன் போட்ட ஒப்பந்தம்தான் குறிக்கிறது.

கான்ஃபரன்ஸ் என்பது வெறும் லீக் அட்டவணை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடுவர்களை அனுப்புவது, ஒழுங்கு விதிகள், கோப்பை எல்லாம் அதன் வேலைதான். ஆனால் இன்றைக்கு அதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. பத்துப் பதினெட்டுப் பல்கலைக்கழகங்களின் ஒளிபரப்பு உரிமைகளை ஒரே மூட்டையாகக் கட்டி விற்கும் அமைப்பு அது.

உரிமை யாருடையது?

ஆட்டம் யார் அரங்கில் நடக்கிறதோ, ஒளிபரப்பு உரிமை அவர்களுடையது. மற்ற எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்துதான் கிளைக்கிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் 1991 முதல் தன் உள்ளூர் ஆட்டங்களை என்பிசி டிவிக்கு விற்றுவருகிறது. அதே அணி வெளியூர் போய் விளையாடினால் அந்த ஊர் அணியின் ஒப்பந்தம் எந்தச் சேனலோடு இருக்கிறதோ அதில்தான் வரும். தங்கள் அணியின் ஆட்டம் எந்தச் சேனலில் என்று தேடி அலையும் ரசிகர்கள் எதிரணியின் கான்ஃபரன்ஸைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இந்த உரிமை முதலில் கல்லூரிகளிடம் இருக்கவில்லை. 1950களின் தொடக்கத்திலிருந்து என்சிஏஏதான் மொத்தமாக விற்றது. டிவியில் காட்டினால் அரங்குக்குக் கூட்டம் வராது என்ற பயத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியது. 1980களின் தொடக்கத் திட்டப்படி ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் 6 முறைக்கு மேல் டிவியில் வரக் கூடாது. 1981 இலையுதிர்கால வாரம் ஒன்றில் ஓக்லஹோமா–தெற்கு கலிஃபோர்னியா ஆட்டம் 200க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஓடியது. அதே நேரத்தில் சிடாடல்–அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டம் ஓடியது நான்கே நிலையங்களில். நான்கு அணிகளுக்கும் கிடைத்தது ஒரே தொகை. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. 1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் என்சிஏஏவின் திட்டம் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

உரிமை கல்லூரிகளிடம் திரும்பியது. தனித்தனியே விற்றால் விலை விழும் என்பதால் அவை கூட்டுச் சேர்ந்தன. சேர்ந்தபின் யாரும் பாதியில் கழன்றுகொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு வேண்டுமே. அதற்குத்தான் உரிமை ஒப்படைப்புப் பத்திரம். குறிப்பிட்ட ஆண்டுவரை தன் உள்ளூர் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது பல்கலைக்கழகம். வெளியேறினாலும் உரிமை பின்னாலேயே வராது. டிவி பணம் இல்லாத அணியை வேறு கான்ஃபரன்ஸ் ஏன் சேர்த்துக்கொள்ளப் போகிறது? ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் பத்திரம் 2036வரை நீள்கிறது. அதை உடைக்கப் பார்த்த ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தன. பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு பிரிக்கும் முறை அந்தச் சமரசத்தில் வந்தது.

12 நாளா, 6 நாளா?

ஒரு சனிக்கிழமை ஒரு பெரிய கான்ஃபரன்ஸில் ஏழெட்டு ஆட்டங்கள் நடக்கும். டிவியில் பெருங்கூட்டம் சேரும் நேரங்கள் மூன்றுதான்: நண்பகல், மூன்றரை மணி, இரவு ஏழு அல்லது ஏழரை. எல்லாம் கிழக்குக் கரை நேரப்படி. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின் 2023இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் நண்பகல் ஃபாக்ஸுக்கு, மூன்றரை சிபிஎஸ்ஸுக்கு, இரவு என்பிசிக்கு. ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல். எந்த வாரம் யாருக்கு முதல் தேர்வு என்பதை மூவரும் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் மூன்று வாரங்களுக்கும் சில சிறப்பு நாள்களுக்கும் கோடையிலேயே நேரம் குறித்துவிடுவார்கள். மீதி வாரங்களுக்குத்தான் இழுபறி.

12 நாள் என்பது ஆட்டத்துக்கு முந்தின வாரத்தின் திங்கட்கிழமை. அன்று டிவி நிறுவனங்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். ஆனால் இடையில் இன்னொரு சனிக்கிழமை இருக்கிறதே. அன்று தரவரிசையில் மேலே இருக்கும் அணி ஒன்று சின்ன அணியிடம் தோற்றுவிட்டால் விளம்பர மதிப்பு பாதியாகிவிடும். அந்த ஆபத்துக்குக் காப்பீடுதான் 6 நாள் விதி. சனிக்கிழமை முடிவுகளைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லலாம். ஒரு பருவத்தில் இத்தனை முறைதான் இதைப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே வரம்பு இருக்கும்.

எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸ் இதைக் கொஞ்சம் மனிதத்தன்மையோடு செய்கிறது. 2024 முதல் அதன் ஆட்டங்களை வாங்குபவர் ஒருவரே, டிஸ்னிக்குச் சொந்தமான ஈஎஸ்பிஎன்–ஏபிசி. யார் முந்துவது என்ற பேரம் இல்லாததால் காலையா, மதியமா, இரவா என்பதைப் பருவத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். சில ஆட்டங்களுக்கு மட்டும் மதியமோ இரவோ என்று திறந்து வைப்பார்கள்.

சனிக்கிழமையே கல்லூரிகளுக்குக் கிடைத்ததற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் தொழில்முறை லீக்குகளுக்குக் கூட்டாக உரிமை விற்கும் சலுகையைத் தந்தது. ஆனால் செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் டிசம்பர் இரண்டாம் வாரம்வரை வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டங்களை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது. அதனால்தான் டிசம்பர் நடுவில் திடீரென்று சனிக்கிழமைகளில் என்எஃப்எல் முளைக்கிறது.

வீட்டுக்கு ஒரு டாலர்

நல்ல ஆட்டங்களைப் பெரிய சேனல்கள் எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் ஆட்டங்களுக்காகப் பிறந்ததுதான் கான்ஃபரன்ஸின் சொந்தச் சேனல். பிக் டென் நெட்வொர்க் 2007 ஆகஸ்ட் 30 அன்று ஃபாக்ஸுடன் கூட்டாகத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 1 அன்று, மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பரில் அந்த அணியை 34–32 என்று வீழ்த்தியது அப்பலாச்சியன் ஸ்டேட். கல்லூரி ஃபுட்பாலின் ஆகப்பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. அதை நேரலையில் காட்டியது அந்தப் புதுச் சேனல்தான். காம்காஸ்ட் கேபிள் வைத்திருந்தவர்களால் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் கட்டணப் பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில்தான் உடன்பாடு வந்தது.

பேச்சு எதைப் பற்றி? கேபிள் நிறுவனம் ஒரு சேனலுக்கு, அதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சந்தா வீடு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கிறது. சர்க்கரை வேண்டுமென்றால் டீத்தூளையும் வாங்கியாக வேண்டும் என்கிற மளிகைக்கடைக் கணக்கு இது. கான்ஃபரன்ஸ் அணி இருக்கும் மாநிலத்தில் கட்டணம் அதிகம், வெளியே மிகக் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 லட்சம் சந்தா வீடுகள் உள்ள பகுதியில் அணி இல்லாதபோது வீட்டுக்கு மாதம் 10 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 48 லட்சம் டாலர். அங்கே ஓர் அணியைச் சேர்த்துக் கட்டணத்தை ஒரு டாலராக்கினால் 4 கோடியே 80 லட்சம். ஒரே ஒரு பார்வையாளர்கூடக் கூடவில்லை என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. ஃபுட்பாலில் அவ்வளவு பெரிய பெயர் இல்லாத ரட்கர்ஸும் மேரிலாந்தும் 2014இல் பிக் டென்னுக்குள் போனதை இந்தக் கணக்கு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. ஒன்றின் பக்கத்தில் நியூயார்க், இன்னொன்றின் பக்கத்தில் வாஷிங்டன்.

கேபிளைத் துண்டிப்போர் பெருகியதும் கணக்கு தலைகீழானது. 2011 வாக்கில் 10 கோடி வீடுகளில் இருந்த ஈஎஸ்பிஎன் இன்று 7 கோடிக்கும் கீழே. வீட்டு எண்ணிக்கையைவிட, நாடு முழுக்க ஆளை இழுக்கும் பெயருக்கே இப்போது விலை. டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போனதும், தெற்கு கலிஃபோர்னியாவும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போனதும் இந்த இரண்டாம் கட்டத்தில். அதன் விளைவாகப் பிக் டென்னில் இப்போது 18 அணிகள். அட்லாண்டிக் கரையோரம் என்ற பெயருள்ள ஏசிசியில் பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்ட் விளையாடுகிறது.

இரண்டு கட்டத்திலும் அடி வாங்கியது பேக்–12 கான்ஃபரன்ஸ். 2012இல் ஒரு தேசியச் சேனல், ஆறு வட்டாரச் சேனல் என்று ஏழு சேனல்களை ஒரே நேரத்தில் தொடங்கியது, முழுக்கத் தன் சொந்த உடைமையாக. லாபம் முழுவதும் நமக்கே என்ற நினைப்பு. ஆனால் கேபிள் நிறுவனத்திடம் பேரம் பேசும்போது “இதை எடுக்காவிட்டால் எங்கள் மற்ற சேனல்களும் கிடையாது” என்று சொல்ல ஃபாக்ஸோ டிஸ்னியோ பக்கத்தில் இல்லை. செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்டிவி கடைசிவரை எடுக்கவே இல்லை. கான்ஃபரன்ஸின் ஒப்பந்தமும் உரிமைப் பத்திரமும் 2024 கோடையில் ஒன்றாக முடிவதாக இருந்தன. புது ஒப்பந்தம் கைகூடுமுன் 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து அணிகள் கிளம்பின. 12 அணிகளில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு.

மைதானத்தில் சிவப்புத் தொப்பி

பெரிய ஆட்டத்துக்கு 20க்கும் மேற்பட்ட கேமராக்கள், ட்ரெய்லர் லாரிக்குள் முழுக் கட்டுப்பாட்டு அறை, கூடவே பெரும் படை. சின்ன ஆட்டத்துக்கு இந்தச் செலவு கட்டாது. ஐந்தாறு கேமராவும் அதை இயக்குபவர்களும் மட்டும் அரங்குக்குப் போவார்கள். படம் ஃபைபர் வழியே ஈஎஸ்பிஎன் நிலையங்கள் இருக்கும் கனெக்டிகட்டின் பிரிஸ்டலுக்கோ வட கரோலினாவின் சார்லட்டுக்கோ போகும். இயக்குநர் அங்கே உட்கார்ந்து ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டுவார். சிக்கல் தாமதம்தான். சுருக்கி அனுப்பி விரிக்கும்போது சில நூறு மில்லிவிநாடி போய்விடும். இயக்குநர் “இடப்பக்கம் போ” என்று சொல்லும்போது பந்து ஏற்கெனவே இடப்பக்கம் போயிருக்கும். ஒலியைத் தனி வழியில் அனுப்பினால் பந்து உதைபடும் சத்தம் கால் படுவதற்கு முன்பே கேட்கும். இன்னும் சின்ன ஆட்டங்களைப் பல்கலைக்கழகமே தயாரித்து இணையத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களில் மாணவர்கள் நிறைய.

ஓர் ஆட்டத்துக்கு ஒதுக்கும் நேரம் மூன்றரை மணி. ஒரு கால்பகுதிக்கு மூன்று, நான்கு விளம்பர இடைவேளைகள். எல்லைக்கோட்டில் சிவப்புத் தொப்பியோடு ஒருவர் நிற்பார். லாரியில் இருக்கும் தயாரிப்பாளரோடு காதில் தொடர்பு. இடைவேளை தொடங்கியதும் களத்துக்குள் வருவார், முடிந்தால்தான் நகர்வார். அவர் நகரும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார். புள்ளி எடுத்தபின், பந்து கைமாறியபின், காயம், மறுபரிசீலனை என்று இயல்பாக ஆட்டம் நிற்கும் இடத்தில் விளம்பரத்தைச் செருகுவதுதான் அவர்கள் கலை. ஓர் அணி பத்து நிமிடம் பந்தை விடாமல் நகர்த்தினால் விளம்பரம் தேங்கிவிடும். பிறகு புள்ளி, விளம்பரம், ஓர் உதை, மறுபடி விளம்பரம் என்று வரும், ரசிகர்கள் திட்டுவார்கள். பந்தை 10 யார்டு முன்னேற்றி ‘முதல் டவுன்’ பெற்றதும் கடிகாரத்தை நிறுத்தும் வழக்கம், ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் தவிர, 2023இல் எடுக்கப்பட்டது. ஆட்டம் சுருங்கினாலும் விளம்பரம் சுருங்கவில்லை என்பதால் தேக்கம் இன்னும் கண்ணில் பட்டது.

மின்னல்தான் அட்டவணையின் பெரிய எதிரி. பொதுவாக 8 மைல் தொலைவுக்குள் மின்னல் வெட்டினால் களத்தைக் காலி செய்ய வேண்டும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். 29ஆம் நிமிடத்தில் இன்னொன்று வெட்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து. அடுத்த ஆட்டம் வேறு சேனலுக்கோ செயலிக்கோ தள்ளப்படும், பதிவு செய்ய வைத்திருந்தவர்களுக்குப் பாதி ஆட்டம்தான் மிஞ்சும்.

அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. மறுபரிசீலனை நடுவருக்கு டிவி கேமராதான் கண். 2016 முதல் எஸ்இசி பர்மிங்ஹாமில் இருக்கும் தன் தலைமையகத்தில் மையக் குழு வைத்து அரங்கிலுள்ள நடுவருக்குத் துணை செய்கிறது. ஆனாலும் அவர்கள் பார்ப்பது ஒளிபரப்புக்காக எடுத்த கோணங்களை. கோட்டுக்கு நேராகக் கேமரா இருக்கும் பெரிய ஆட்டத்தில் திருத்தப்படும் தவறு, ஐந்து கேமரா ஆட்டத்தில் “போதிய ஆதாரம் இல்லை” என்று நின்றுவிடக்கூடும். எந்தச் சேனல் தேர்ந்தெடுத்தது என்பது தீர்ப்பின் துல்லியத்தையும் தொடுகிறது. என்னைக் கேட்டால் நேரக் குழப்பத்தைவிடப் பெரிய குறை இதுதான்.

பணத்தைப் பிரிப்பதில் சமபங்கு என்ற பழைய வழக்கம் தேய்ந்துவருகிறது. பிக் டென்னில் நுழைய ஓரிகனும் வாஷிங்டனும் ஏறத்தாழப் பாதிப் பங்குக்கு ஒத்துக்கொண்டன. ஏசிசியில் சேர எஸ்எம்யு பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு டிவி பங்கையே வேண்டாம் என்றது. 2025 ஜூனில் வேறொரு வழக்கில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி விளையாட்டு வீரர்களுக்கும் பல்கலைக்கழகம் நேரடியாகப் பணம் தரலாம். 2025–26க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்த வரம்பைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் வருவாயில் ஒளிபரப்பு உரிமையும் அடக்கம் என்பதால், டிவி ஒப்பந்தத் தொகை ஏறினால் வீரர்களுக்கான வரம்பும் கூடவே ஏறும்.